மால்ட் தானியத்த வீட்டுலயே உடைக்கிறது: அடிக்கடி கேக்குற கேள்விகள், சேலத்துல இருந்து

அம்மாபேட்டைல எங்கப்பா முப்பது வருஷம் மாவு மில் வெச்சிருந்தாரு, பள்ளிக்கூடம் விட்டா நான் நேரா அங்கதான் போவேன், அதனால தானியம் கல்லுக்குள்ள போறப்ப வர்ற சத்தத்த வெச்சே பதம் சொல்லிடுவேன். என் சித்தப்பா பையன் மெல்போர்ன்ல இருக்கான், தானியத்துல இருந்தே பீர் போடுறான், போன வருஷம் ரெண்டு மாசம் அங்க போயிருந்தப்ப அவனோட மெஷின நான்தான் செட் பண்ணி குடுத்தேன். அவன் கேட்டது, அவன்கூட சேந்து போடுற நம்மூர் பசங்க கேட்டது, இங்க ராகி மால்ட் போடுற அக்காங்க என்கிட்ட கேக்குறது எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

ஆல் கிரெய்ன்னா என்ன? எதுக்கு தானியத்த உடைக்கணும்?

நெறைய பேரு கடைல விக்குற மால்ட் பாகு டப்பா வாங்கி தண்ணில கரைச்சு ஆரம்பிப்பாங்க. அப்படி இல்லாம முளை கட்டி காய வெச்ச முழு தானியத்துல இருந்தே ஆரம்பிச்சா அதுதான் ஆல் கிரெய்ன். தானியம் முளைக்குறப்ப அதுக்குள்ள மாவுச்சத்த சர்க்கரையா மாத்துற என்சைம் உருவாகும், அந்த நேரம் பாத்து காய வெச்சு முளைய நிறுத்திடறாங்க, அதுக்குப் பேருதான் மால்ட். அப்பறம் அத 65, 67 டிகிரி சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வெச்சா என்சைம் வேலை செஞ்சு மாவெல்லாம் இனிப்பா மாறிடும். ஆனா முழுசா போட்டீங்கன்னா தண்ணி உள்ள போகாது, மாவு வெளிய வராது. அதனால உடைக்கணும்.

உடைக்கணும்னுதான் சொல்றேன், அரைக்கணும்னு சொல்லல. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுலதான் மொத்த விஷயமும் இருக்குது. பார்லி மேல இருக்குற உமி கிழியாம முழுசா இருக்கணும், ஏன்னா கடைசில அந்த இனிப்புச் சாறு வடிக்குறப்ப அந்த உமிதான் பாத்திரத்து அடில படுத்து வடிகட்டியா நிக்கும். உள்ள இருக்குற பருப்பு மட்டும் நாலஞ்சு துண்டா உடையணும். அரிசி உப்புமாவுக்கு ஒன்னு ரெண்டா உடைக்கிறோமே, அந்தப் பதத்த மனசுல வெச்சுக்கங்க, கூடவே தோலும் கிழியாம இருக்கணும், அவ்வளவுதான்.

அண்ணா, சேலத்துல வீட்டுலயே பீர் போடலாமா?

போடக்கூடாதுங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ல வந்தது, இன்னைக்கும் அதே சட்டம்தான் நடைமுறைல இருக்குது, லைசென்ஸ் இல்லாம வீட்டுல மது தயாரிச்சா குத்தம். இன்னொரு விஷயம் நம்மூரு ஆளுங்க பல பேருக்கே தெரியாது, சென்னை மாகாணத்துல மதுவிலக்க முதல்ல கொண்டு வந்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான், 1937 அக்டோபர் 1. அப்ப மாகாணத்த ஆண்டது ராஜாஜி, அவரு சேலத்துல வக்கீலா இருந்தவரு, 1917ல இருந்து 1919 வரைக்கும் நகராட்சித் தலைவராவும் இருந்தாரு.

அதனால இங்க நான் செய்யறது எல்லாம் மது பக்கமே போகாத வேலைதான், ராகி மால்ட், கம்பங்கூழு, பார்லி மால்ட் காய்ச்சி சூடா குடிக்கிறது. பீர் பத்தி எழுதறது வெளிநாட்டுல, சட்டம் விடுற எடத்துல இருக்குறவங்களுக்கு. ஆஸ்திரேலியால சொந்த உபயோகத்துக்கு பீர் போட்டுக்கலாம், சாராயம் காய்ச்சக்கூடாது. அமெரிக்கால 1978ல மத்திய அரசு சட்டத்த தளர்த்தினாங்க, பெரியவங்க ஒருத்தர் இருக்குற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 200 கேலன். உங்க ஊர்ல என்னன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

மிக்ஸில போட்டு ஒரு சுத்து சுத்தினா ஆவாதா?

இதத்தான் மெல்போர்ன் தம்பி மொதல்ல செஞ்சான். அஞ்சு கிலோ பார்லி மால்ட்ட கொஞ்சம் கொஞ்சமா மிக்ஸில போட்டு சுத்தி, பாதி மாவாவும் பாதி முழுசாவும் வந்துச்சு, சரி பரவால்லன்னு அப்படியே சுடுதண்ணில கொட்டிட்டான். வடிக்கலாம்னு குழாயத் திறந்தா ஒரு டம்ளர் வந்துச்சு, அப்பறம் ஒரு சொட்டு கூட வரல. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வீடியோ கால் போட்டு அந்த பாத்திரத்த காமிச்சான், மேல பாத்தா களி கிண்டி வெச்ச மாதிரி இருந்துச்சு.

ஏன்னா மிக்ஸி பிளேடு வெட்டுது, நசுக்கல. பிளேடுக்கு உமி எது பருப்பு எதுன்னு தெரியாது, ரெண்டையும் சேத்து தூள் தூளாக்கிடும். உமி தூளானா வடிகட்டி போச்சு, மாவு தண்ணில பசையாயி அடில அடைச்சுக்கும். தூளான உமில இருந்து துவர்ப்பும் ஜாஸ்தி எறங்கும், நாவப்பழம் தின்னா நாக்க இழுக்குமே அந்த மாதிரி. முக்கியமா மிச்ச இனிப்ப எடுக்க தானியத்து மேல ஊத்தி கழுவி வடிக்குற தண்ணி 77 டிகிரிக்கு மேல போனாலோ, அதோட பிஎச் (புளிப்ப காட்டுற அளவு) 6க்கு மேல ஏறினாலோ அந்தத் துவர்ப்பு வர வாய்ப்பு ஜாஸ்தி.

துணிப்பைல போட்டு ஊற வெச்சு பையோட தூக்கிடற முறைல செய்யறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் நைசா இருந்தாலும் ஓடும், அங்க பைதான் வடிகட்டி. ராகி மால்ட்டுக்கு மிக்ஸி தாராளமா போதும், அதுல நாம எதையும் வடிக்கப் போறதில்ல, மாவையே குடிக்கப் போறோம்.

பக்கத்துல இருக்குற மாவு மில்லுல குடுத்தா உடைச்சு குடுப்பாங்களா?

எந்த மெஷின்னு பாருங்க. இப்ப பாதி எடத்துல பல்வரைசர்தான் வெச்சிருக்காங்க, அதுக்குள்ள சுத்தியல் மாதிரி தட்டிக்கிட்டே இருக்கும், சல்லடைல எறங்குற வரைக்கும் விடாது, மால்ட்டுக்கு அது ஆவவே ஆவாது. கல்லு மெஷின்னா பேசலாம். மேல் கல்லத் தூக்கி வெச்சா ரவை, குருணை பதத்துக்கு வரும், எங்கப்பா மாட்டுத் தீவனத்துக்கு சோளம் உடைக்குறப்ப அப்படித்தான் வெப்பாரு. ஆனா அவசரத்துல இருக்குறப்ப போயி கேக்காதீங்க, கல்ல ஏத்தி எறக்குறது அவங்களுக்கு தனி வேலை, மத்தியானம் கூட்டம் கொறைஞ்ச நேரத்துல போயி "அண்ணா, ஒன்னு ரெண்டா உடைச்சு குடுங்க, மாவு விழக்கூடாது"ன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. உங்களுக்கு முன்னாடி மொளகாயோ மல்லியோ அரைச்சிருந்தா அன்னைக்கு விட்டுடுங்க, அந்த வாசம் ஒரு கிலோ தானியம் ஓட்டித் தள்ளினாலும் போகாது.

ரோலர் மெஷின் வாங்கினா கேப் எவ்வளவு வெக்கணும்?

ரெண்டு உருளை எதிரும் புதிருமா சுத்தும், நடுவுல தானியம் விழுந்து நசுங்கி வெளிய வரும், பார்லிக்கு இதவிட நல்ல மெஷின் கெடையாது. ரெண்டு உருளைக்கும் நடுவுல இருக்குற கேப்ப 1 மி.மீ.ல ஆரம்பிங்க. 0.9ல இருந்து 1.2 வரைக்கும்தான் பெரும்பாலும் எல்லாரும் நிக்குறாங்க, உங்க மால்ட் சைஸு, உங்க பாத்திரம் எப்படி வடியுதுங்கறத வெச்சு ஏத்தி எறக்கிக்கங்க. அளக்கறதுக்கு ஃபீலர் கேஜ் வேணும், பைக் மெக்கானிக்குங்க டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வெச்சிருப்பாங்களே, அந்த மெல்லிசு தகடு கட்டுதான். உருளையோட ரெண்டு ஓரத்துலயும் அளந்து பாருங்க, ஒரு பக்கம் 1.0 இன்னொரு பக்கம் 1.3ன்னு இருந்தா பாதி தானியம் உடையாமலே தப்பிச்சுடும். கேஜ் இல்லைனா ஏடிஎம் கார்டு ஒன்னு 0.76 மி.மீ. தடிமன் இருக்கும், அது கொஞ்சம் லூசா நுழைஞ்சு அசையணும், இறுக்கமா புடிச்சா கேப் பத்தாது.

கம்பெனில இருந்து வர்றப்ப இருக்குற கேப்ப நம்பாதீங்க. தம்பியோட மெஷின் 1.4ல வந்துச்சு. அஞ்சு கிலோ மால்ட், 23 லிட்டர் சாறு, சாறுல சர்க்கரை எவ்வளவு எறங்கிருக்குன்னு காட்டுற ஹைட்ரோமீட்டர்ல 1.039தான் காட்டுச்சு. 1.0க்கு கொறைச்சு அதே அளவு போட்டோம், 1.049 வந்துச்சு. ஒரு பைசா கூட செலவில்லாம, ரெண்டு ஸ்க்ரூவ திருகினதுக்கு கெடைச்ச வித்தியாசம் அது. அந்த நம்பரப் பாத்துட்டு அவன் மூஞ்சில வந்த சந்தோஷத்த நான் இன்னும் மறக்கல.

சேலத்துல லேத் பட்டறைக்கு பஞ்சமில்ல, உருளைய இங்கயே கடைஞ்சுக்கலாம். சின்ன உருளைக்கு மேல சொரசொரப்பா நர்லிங் போடச் சொல்லுங்க, வழவழன்னு இருந்தா தானியத்த இழுக்காது, மேலயே நின்னு வழுக்கிக்கிட்டு இருக்கும்.

சரியா உடைஞ்சிருக்கான்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

ஒரு கிலோ ஓட்டிட்டு நிறுத்துங்க, ஒரு கை அள்ளி வெள்ளைப் பேப்பர்ல பரப்புங்க. முழு தானியம் ஒன்னு ரெண்டுக்கு மேல கண்ணுல படக்கூடாது. உமி ரெண்டா பொளந்த மாதிரி பெருசு பெருசா இருக்கணும், உள்ள பாத்தா காலியா இருக்கணும், பருப்பு ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. அப்பறம் மாவு சலிக்கிற சல்லடைல போட்டு சலிச்சுப் பாருங்க, கீழ கொஞ்சம் மாவு விழத்தான் செய்யும், குமிச்சு விழுந்துச்சுன்னா கேப் டைட்.

தண்ணி தெளிச்சு உடைக்கணும்னு சொல்றாங்களே, நனைஞ்சா கெட்டுப் போகாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத எழுதவே உக்காந்தேன். பீர் போடுறவங்க இதுக்கு மால்ட் கண்டிஷனிங்னு பேரு வெச்சிருக்காங்க. தம்பி இத எனக்கு என்னமோ புதுசா சொல்ற மாதிரி சொன்னான், எனக்கு எங்கம்மா கம்பு இடிக்குறதுதான் ஞாபகம் வந்துச்சு. கம்பங்கூழுக்கு கம்ப அப்படியே ஒரல்ல போட மாட்டாங்க, தண்ணி தெளிச்சு பெசறி கொஞ்ச நேரம் வெச்சுட்டுத்தான் ஒலக்கைய எடுப்பாங்க. கேட்டா "காஞ்சு போயி இடிச்சா தோலு தூளாயி மாவோட போயிரும் கண்ணு, ஈரமா இருந்தாத்தான் தோலு கழண்டு வரும், மொறத்துல பொடைச்சா போயிரும்"னு சொல்லுவாங்க. அங்க ஜெர்மன்காரன் பெரிய ஆலைல நீராவி வெச்சு செய்யறதும், இங்க எங்கம்மா சொம்புத் தண்ணி வெச்சு செஞ்சதும் ஒரே காரணத்துக்குத்தான். தோலு மட்டும் ஈரம் குடிச்சு செருப்புத் தோல் மாதிரி வளைஞ்சு குடுக்கும், உள்ள பருப்பு காஞ்சே இருக்கும், அழுத்தினா பருப்பு உடையும், தோலு கிழியாது.

அளவு, மால்ட் எடைல 2 சதவீதம். அஞ்சு கிலோவுக்கு 100 மில்லி தண்ணி, அதுக்கு மேல வேண்டாம். செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் புதுசா ஒன்னு வாங்கி, கொஞ்சம் அடிக்கிறது, கையால பெசறுறது, மறுபடியும் அடிக்கிறதுன்னு செய்யுங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் மூடி வெச்சுட்டு தொட்டுப் பாத்தா கைல ஈரம் ஒட்டக்கூடாது, ஆனா கலகலன்னு சத்தம் வராம மெத்துன்னு இருக்கும். அப்ப உடைங்க. உடைச்சதும் அன்னைக்கே போட்டுடணும், ஈர தானியத்த எடுத்து வெக்கக்கூடாது. கடைசில ஒரு கைப்பிடி காஞ்ச மால்ட்ட ஓட்டி உருளைய தொடைச்சு வெச்சுடுங்க, இல்லைனா துரு புடிக்கும்.

இப்படி செஞ்சா கேப்ப இன்னும் கொஞ்சம் கொறைச்சாலும் உமி தாங்கும், தூசியும் பறக்காது.

வடிக்குறப்ப அடைச்சுக்குச்சு, இப்ப என்ன பண்றது?

அவசரப்பட்டு குழாய முழுசா திறக்காதீங்க, திறந்தா தானியம் இன்னும் இறுகிப் போயி படுத்துக்கும். மூடிட்டு, மெதுவா கரண்டியால கிளறி விட்டு, பத்து நிமிஷம் அடங்க விட்டு, மறுபடியும் கொஞ்சமா திறங்க. அடுத்த தடவைக்கு மருந்து நெல்லு உமி. நம்ம ரைஸ் மில்லுல மலை மாதிரி குமிச்சு வெச்சிருக்குற அதே உமிதான், மெல்போர்ன்ல பாக்கெட் போட்டு காசுக்கு விக்குறாங்க, தம்பி அத வாங்கிட்டு வந்தப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கோதுமை மால்ட்டுக்கு உமி கெடையாது, பாதிக்குப் பாதி கோதுமை போடுறவங்க உமி சேக்காம வடிக்கிறது ரொம்ப கஷ்டம். மொத்த தானியத்துல 5 சதவீதம் போதும். நல்லா அலசி, கொஞ்ச நேரம் ஊற வெச்சு போடுங்க, காஞ்ச உமி சாற குடிச்சிடும்.

ராகி, கம்பு, கோதுமை, சோளம் எல்லாத்தையும் இதே மெஷின்ல உடைக்கலாமா?

கோதுமை பார்லிய விட கெட்டி, சைஸும் சின்னது, தனியா 0.8 பக்கம் வெச்சு ஓட்டுங்க. பார்லியோட கலந்து ஒரே கேப்ல ஓட்டினா ஏதாவது ஒன்னு கெடும். ராகி கடுகு சைஸ்தான், 1 மி.மீ. கேப்ல போட்டா சரியா உடையாம கீழ கொட்டும். அதுக்கு பழைய காபி அரைக்கிற மெஷின், மேஜை ஓரத்துல திருகி வெச்சு கைப்பிடி சுத்துவோமே, அது நல்லா உடைக்கும். இல்லைனா திருகை. கம்பும் அப்படித்தான்.

சோளம் முளை கட்டுறவங்க ஒன்னு கவனிங்க, சோள முளைல சயனைட விடுற ஒரு பொருள் இருக்குது, அதனால நல்லா காய வெச்சு, முளையையும் வேரையும் தேய்ச்சு பொடைச்சு எடுத்துட்டுத்தான் உடைக்கணும். இதுல அசால்ட்டா இருக்காதீங்க.

பார்லி முளைக்கலன்னு நெறைய பேரு சொல்றீங்க. செவ்வாப்பேட்டைல, லீ பஜார்ல, கஞ்சிக்குன்னு கேட்டா குடுக்குறது தோல் தீட்டின பார்லி அரிசி, வெள்ளையா இருக்கும், தீட்டுறப்பவே முளை வர்ற எடமும் போயிடும், எத்தனை நாளு ஊற வெச்சாலும் முளைக்காது. தோலோட இருக்குற முழு பார்லின்னு கேட்டு வாங்கணும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம், மால்ட் உடையாம சப்பையா வருது, ஏன்?

மூட்டம்தான் காரணம். நல்ல மால்ட்ல ஈரம் 4, 5 சதவீதம்தான் இருக்கும், கடிச்சா கடுக்குனு உடையும், உள்ள மாவு மாவா இருக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் ஒசரம், மழைக்காலத்துல நாள் பூரா பனி வீட்டுக்குள்ளயே வந்து நிக்குது, சாக்க திறந்து வெச்சா தானியம் அந்த ஈரத்த குடிச்சு நமத்துப் போயிடும். நமத்த மால்ட் உருளைல போனா அவல் மாதிரி தட்டையா வரும், உடையாது. கண்டிஷனிங்க்கும் இதுக்கும் குழப்பிக்காதீங்க, அங்க ஈரம் தோலோட நிக்குது, இங்க பருப்பு வரைக்கும் போயிடுச்சு.

இதே மால்ட்ட சித்திரை வெயில்ல சேலத்துல வெச்சா எதிர்ப் பிரச்சனை, காஞ்சு போயி உமி பொடிப் பொடியா நொறுங்கும், தண்ணி தெளிக்காம உடைக்கவே கூடாது. மலை மேல இருக்குறவங்க இறுக்கி மூடுற டிரம்ல வெச்சுக்கங்க, நமத்துப் போனத வெயில் அடிக்குற நாள் பாத்து மெல்லிசா பரப்பி காய வைங்க. சட்டில போட்டு வறுக்காதீங்க, சூடு ஏறினா என்சைம் செத்துடும். மலைல சாமை, ராகி வெச்சிருக்குற பெரியவங்க வீட்டுல அடுப்புக்கு மேல பரண் போட்டு தானியம் வெச்சிருப்பாங்க, பொகையும் மிதமான சூடும் பட்டுக்கிட்டே இருக்கும், நமக்காது, வண்டும் வராது. அத நேர்ல பாத்தப்பறம்தான் எனக்கு இந்த ஈரக் கணக்கு முழுசா புரிஞ்சுச்சு.

டிரில் மெஷின் மாட்டி வேகமா ஓட்டலாமா?

மாட்டலாம், வேகமா வேண்டாம். நிமிஷத்துக்கு 200 சுத்துக்குள்ள வைங்க, வேகம் ஏறினா உமி கிழியும். மொதல்ல உருளைய சுத்த விட்டுட்டு அப்பறம் தானியத்த கொட்டணும், ரொம்பி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணா சிக்கிக்கும். கல்லு பொறுக்கிட்டு போடுங்க, ஒரு சின்ன கல்லு நர்லிங்க காலி பண்ணிடும்.

சமையல்கட்டுலயே உடைக்கலாமா?

வேண்டாங்க. தானியத்து மேல, அதுலயும் தூசில, லாக்டோபேசிலஸ் பாக்டீரியா நெறைய இருக்கும், கூழப் புளிக்க வெக்குற அதே வகை. கூழுக்கு அது நல்லது, பீருக்கு புளிப்பு ஏத்தி கெடுத்துடும், புளிக்க வெச்சிருக்குற பாத்திரம் இருக்குற ரூம்ல உடைக்கவே உடைக்காதீங்க. வாசல்லயோ மொட்டை மாடிலயோ உடைங்க, மூக்குல மாஸ்க் கட்டிக்கங்க. எங்கப்பா மில்லுக்குள்ள யாரையும் பீடி பத்த வெக்க விட மாட்டாரு, மாவுத் தூசி காத்துல நெறைஞ்சு இருந்தா ஒரு பொறியே போதும் புடிச்சுக்க, அது மில்லுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அவரு கடைசி அஞ்சாறு வருஷம் ராத்திரி எல்லாம் இருமிக்கிட்டே கெடந்தாரு, முப்பது வருஷ மாவு. அதனால மாஸ்க் விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

முன்னாடியே உடைச்சு வெச்சுக்கலாமா?

முழு மால்ட் காத்து உள்ள போகாம, சூடு படாம இருந்தா ஒரு வருஷம் கூட தாங்கும். உடைச்சதுக்கு ஆயுசு கம்மி, இறுக்கி மூடினா ரெண்டு வாரம். காபிக்கொட்டை மாதிரிதான், அரைச்ச அன்னைக்கு இருக்குற வாசம் மறுவாரம் இருக்காது.

வடிச்ச சக்கைய என்ன பண்றது?

மாட்டுக்கு போடுங்க, ஆசையா திங்கும். இனிப்பு போனாலும் புரதமும் நாரும் அதுல அப்படியே இருக்கும். ஆனா வடிச்ச அன்னைக்கே போட்டுடணும், நம்ம வெயிலுக்கு மறுநாளே புளிச்சு நாத்தம் எடுக்கும். பழக்கமில்லாத மாட்டுக்கு மொத நாளே கூடையோட கொட்டாதீங்க, வயிறு உப்பிக்கும், ரெண்டு கை தவிட்டோட கலந்து ஆரம்பிங்க. தம்பி வீட்டுப் பக்கம் மாடு கெடையாது, கோழி வளக்குற பக்கத்து வீட்டம்மா வாரா வாரம் வாளி குடுத்து விடறாங்க, பதிலுக்கு முட்டை வருது.